அம்புக்குறி

கோகிலவாணி அக்கா கேட்டது வெள்ளை.
"வெள்ளைன்னா எந்த வெள்ளைங்க?" என்றேன்.
கைப்பையிலிருந்து துண்டுத் துணி ஒன்றை எடுத்தார்.
சாயத்தில் இறங்காத பனியன் துணி,
இரண்டு விரல் அகலம்.
"இதுங்க."

சோமனூரில் எங்கள் பட்டறை
ஒன்பது தறி ஓடிய கொட்டகை.
தறிகள் எடைக்குப் போய் ஆறு வருஷம்.
தரையில் போல்ட்டுக் குழிகள் இருக்கின்றன,
பென்சில் விழுந்தால் நேரே அதற்குள்தான்.
மேலே, தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே,
பஞ்சு இன்னும் தீரவில்லை.
கம்ப்ரசர் அதிரும்போதெல்லாம்
ஓர் இழை இறங்கி வரும்,
கூப்பிடாத ஒறம்பரையாட்டம்,
ஈரப் பெயின்டைப் பார்த்து உட்காரும்.

செல்லாண்டி அறுப்பான், பூட்டுவான். நான் அடிப்பேன்.
"ஊருக்கெல்லாம் மேடை முப்பத்திநாலு அங்குலமுங்க," என்றான்.
"ஊரு வந்து எனக்குச் சட்னி அரைக்குமா?"
அக்கா நாலடி பத்து.
முழங்கையை மடக்கி நின்று காட்டினார்.
முப்பத்தியொன்று. பலகை மேலேயே எழுதிக்கொண்டான்.

முதல் வெள்ளையில் நீலம் எட்டிப் பார்த்தது.
இரண்டாவது, விடியவிட்ட பால்.
மூன்றாவது காங்கேயம் கிடாரி நிறம்;
எனக்குப் பிடித்தது,
ஆனால் அவர் கேட்டது மாடு இல்லை.
நான்கும் ஐந்தும் என் கண்ணுக்கு ஒன்றேதான்,
துணியை வைத்தால்தான் இரண்டும் வேறு.
ஆறாவதில் துணி எங்கே போனதென்று தேடினேன்.

அந்தப் பலகையில் ஈரோட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசி
ஒரு ராத்திரி விட்டேன்.
காலையில் துடைத்தால்
வெயிலில் மட்டும் தெரிகிற ஒரு நிழல்.
மேல்பூச்சு இன்னொரு கை கூட்டினேன்.
விலையைக் கூட்டவில்லை; செல்லாண்டிக்குக் கோபம்.

பதினாறு கதவு, ஏழு இழுப்பறை.
பிரைமர், உப்புத்தாள், துடை,
பெயின்ட், காத்திரு, உப்புத்தாள், துடை.
தரையில் தண்ணீர் தெளித்து,
மின்விசிறியை நிறுத்தி,
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பெருமாநல்லூரிலிருந்து
பஸ்ஸில் வந்தார்.
பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம்,
செக்கிங் டேபிள்.
பையைத் திறந்ததும் எனக்கு வயிறு கலங்கியது:
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், ஒரு ரோல்.

கதவுகளைச் சன்னல் ஓரம் சாய்த்து
ஆடையைத் திருப்புவதுபோல் திருப்பினார்.
முன், பின், ஓரம், மூலை.
விரல் ஓடும், நிற்கும், அம்பு ஒட்டும்.
"ஆல்டர்."
"இதுவும் ஆல்டர்ங்க."
"இது பாஸ்."
பாஸ் என்றபோது மட்டும் செல்லாண்டி டீ குடித்தான்.
பதினொரு அம்பு. பதினொன்றும் நியாயம்.

சிங்க்குக்குக் கீழே வரும் கதவுக்கு
அம்பு விழவில்லை.
அதன் கீழ் மூலையில், கடைசிப் பூச்சுக்கு அடியில்,
அரை அங்குல இழை கிடப்பது
ஐந்து நாளாக எனக்குத் தெரியும்.
அந்த இடத்தில் யார் குனிந்து பார்ப்பார்கள் என்று
நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ரோலிலிருந்து ஒன்றைக் கிழித்து
நானே ஒட்டினேன்.
பாராட்டுவார் என்று நினைத்திருப்பேன் போல.

அக்கா மண்டி போட்டார்.
நகத்தால் தடவினார். கண்ணாடியைக் கழற்றிப் போட்டார்.
"வெள்ளை மேல வெள்ளை நூலு,"
என்றார், எனக்கில்லை.
"இதை நான் உட்டிருக்கக் கூடாதே."
முகம் சுண்டிப்போயிருந்தது.
நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.
"கம்முனு இருங்க," என்றார்.
"முதல் கதவை எடுங்க. மறுபடியும் பார்க்கோணும்."

நாலரைக்குக் கரண்ட் போனது.
செல்லாண்டி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு
பொட்டாட்ட நழுவினான்.
நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன்.
"சாய்ச்சுப் பிடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது."
சாய்த்தேன்.
ஒன்பதாவது கதவில், ஆமாம்,
நான் பார்க்கவே இல்லாத ஒன்று.